தாய்மாமன் கையெழுத்து

தைப்பிங்,
4 பிப்ரவரி 2024

அன்பு அக்கா,

நான் நலமாக இருக்கிறேன். நீயும் மச்சானும் ஷர்மினியும் சுகமா? உன் முழங்கால் எப்படி இருக்கிறது? பள்ளியில் மாடிப்படி ஏறாத வகுப்பாகக் கேட்டு வாங்கு என்றேனே, கேட்டாயா?

வாட்ஸ்அப்பை விட்டுவிட்டு ஏன் கடிதம் என்று யோசிப்பாய். இதோடு பதினொரு பக்கம் வைத்திருக்கிறேன். இறையியல் கல்லூரியில் எனக்கு முதல் கட்டுரை. தமிழிலேயே எழுதலாம் என்றார்கள். நாற்பத்திரண்டு வயதில் படிக்க வந்தவனிடம் பள்ளியில் மூன்றாம் படிவத்தோடு நின்றுபோன தமிழ்தான் இருக்கிறது. நீ தமிழ் ஆசிரியை. சிவப்புப் பேனாவை எடுத்து இரக்கம் பார்க்காமல் திருத்து.

கட்டுரை ஒரே ஒரு எபிரேயச் சொல்லைப் பற்றியது. இட்சாவோன். வேதத்தில் அது மூன்றே இடத்தில் வருகிறது. முதலில் ஏவாளிடம், பிள்ளை பெறுவதைப் பற்றி. அடுத்து ஆதாமிடம், மண்ணில் பாடுபடுவதைப் பற்றி. பிறகு நோவா பிறந்தபோது அவன் அப்பா சொல்லும் பேச்சில். அதே சொல்தான், ஆனால் நம் தமிழ் வேதத்தில் ஒரு இடத்தில் வேதனை, ஒரு இடத்தில் வருத்தம், ஒரு இடத்தில் பிரயாசம் என்று இருக்கிறது. எது சரி என்று எழுத வேண்டும். பிள்ளை பெற்ற பெண்களிடம் கேளுங்கள் என்றார் விரிவுரையாளர். எனக்கு உன்னைத் தவிர யாரைத் தெரியும்?

சாமி கும்பிடுகிற உன்னிடம் இதைக் கொடுக்கிறேனே என்று கோபப்படாதே.

உன் தம்பி,
கணேஸ்


கோலா சிலாங்கூர்,
18 பிப்ரவரி 2024

அன்புத் தம்பி கணேஸ்,

இங்கே எல்லோரும் சுகம். மச்சானுக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறது, வாய் குறையவில்லை. ஷர்மினி சீனப் புத்தாண்டு விடுமுறைக்கு அழுக்குத் துணியோடு வந்து துவைத்த துணியோடு போனாள். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

உன் சாமி வேறு, என் சாமி வேறு. எழுத்துப்பிழை எல்லோருக்கும் ஒன்றுதான். நூற்றுப் பதினாறு பிழை. ஒற்று மிகாத இடமெல்லாம் பார்த்துப் பார்த்து ஒற்றுப் போட்டிருக்கிறாய். ஐந்தாம் பக்கத்தில் 'பிரசவ வேதனை ஒரு நாளில் முடிந்துவிடும், ஆணின் பாடு ஆயுள் முழுக்க' என்று ஒரு வரி. அதை முழுவதுமாக அடித்துவிட்டேன். அதில் எழுத்துப்பிழை எதுவும் இல்லை.

இன்னொரு விஷயம். பத்தாங் பெர்ஜுந்தாயில் நம் பழைய செம்பனைத் தோட்டத்தை வீடு கட்டுகிறவர்களுக்கு விற்றுவிட்டார்கள். இடுகாட்டையும் எடுக்கிறார்கள். குழிகளைத் தோண்டி, கிடைப்பதை வேறு மயானத்தில் வைத்துக் கொடுப்பார்களாம். மே முப்பத்தொன்றுக்குள் பதிய வேண்டும். பதியாததை எல்லாம் சேர்த்து ஒரே குழியில் போட்டுவிடுவார்கள். இடுகாட்டுக் கமிட்டியில் இருக்கும் முகுந்தன் விண்ணப்பப் பாரம் கொடுத்தார். கல்லோ பேரோ இல்லாத குழி என்றால் அடக்கம் செய்தவர் கையெழுத்து வேண்டுமாம்.

என் பிள்ளைக்குக் கல் இல்லை. தாய்மாமன் என்று நீதான் தூக்கிக்கொண்டு போனாய். பெற்றவள் வரக்கூடாது என்றார் அம்மா. நுழைந்ததும் இடப்பக்கம் அரளி மரத்தடி என்று நீ சொன்னதாகப் பிற்பாடு அவர்தான் சொன்னார். பத்து வருஷமாக ஒவ்வொரு நவம்பர் பதினேழாம் தேதியும் அங்கே ஒரு டம்ளர் பால் ஊற்றிவிட்டு வருகிறேன். மச்சானுக்குக்கூடத் தெரியாது.

பாரத்தை இதோடு வைத்திருக்கிறேன். பென்சிலால் கோடு போட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பு.

அக்கா,
துளசி


தைப்பிங்,
20 மார்ச் 2024

அன்பு அக்கா,

தாமதத்துக்கு மன்னிப்பாய். காய்ச்சல், இப்போது பரவாயில்லை. உங்கள் எல்லோருக்காகவும் தினமும் ஜெபிக்கிறேன். கால் எப்படி இருக்கிறது?

நீ அடித்த வரியை விரிவுரையாளரும் அடித்திருப்பார், தப்பித்தேன். இட்சாவோனைப் பிரசவ வலி என்று மட்டும் சுருக்கக்கூடாது என்கிறார் அவர். உடம்பு படுகிற பாடும் மனசு படுகிற பாடும் அதில் சேர்ந்தே இருக்கிறதாம். சுமப்பதும், பெறுவதும், அதன்பின் வருவதும். அதே வேரிலிருந்து வருகிற வினையைக் கடவுளுக்கும் போட்டிருக்கிறார்கள். வெள்ளத்துக்கு முன்னால், மனிதனைப் படைத்தோமே என்று அவர் மனம் நொந்த இடத்தில். அதைப் படித்த நாளில் என்னால் சாப்பிட முடியவில்லை. கடவுளே ஒன்றைச் செய்துவிட்டு நொந்துபோனால், மனிதன் எங்கே போய்ச் சொல்வான்?

திருத்திய பக்கங்களைத் திரும்ப எழுதி அனுப்புகிறேன், இன்னொரு தடவை பார். ஷர்மினியைப் படிக்கச் சொல். மச்சானுக்கு என் அன்பு.

தம்பி,
கணேஸ்


கோலா சிலாங்கூர்,
28 மார்ச் 2024

கணேஸ்,

காய்ச்சல் விட்டதா? சுக்குத் தண்ணீர் குடி. இங்கே சுகம்.

இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய், பாரத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. உறையைக் கவிழ்த்து உதறிப் பார்த்தேன்.

போன சனிக்கிழமை கோயிலில் லோகேஸ்வரி என்னைப் பிடித்துக்கொண்டாள். நம் தோட்டத்தில் மூன்றாம் லயத்து வரிசை வீட்டில் இருந்த லோகேஸ்வரி, இப்போது ரவாங்கில் இருக்கிறாள். 'என்னா டீச்சர், அரளி மரத்தடிய உங்க பேருல பதியப் போறீங்களாமே? அது எங்க மாமனாரு குழி லா!' என்றாள். மரம் பெரிசு, இரண்டு பேருக்கும் இடம் இருக்கும் என்று சிரித்துச் சமாளித்தேன். 'எங்க மாமனாரு படுத்தா யாருக்கும் இடம் விடமாட்டாரு' என்றாள். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள்.

மரத்துக்கு வலப்பக்கமா, இடப்பக்கமா, எத்தனை அடி தள்ளி? அதை மட்டும் எழுது. கையெழுத்தைப் போடு.

துளசி


தைப்பிங்,
25 ஏப்ரல் 2024

அன்பு அக்கா,

நலம், நலமறிய ஆவல். சித்திரைப் பிறப்புக்குச் செய்த முறுக்கு வந்தது. பக்கத்து அறைக்காரர்கள்தான் அதிகம் தின்றார்கள்.

அக்கா, ஒன்று கேட்கிறேன். கட்டாயம் எடுக்கத்தான் வேண்டுமா? இருபது வருஷம் ஆகிவிட்டது. எட்டாம் மாதத்தில் பிறந்த பிள்ளை. அந்த ஈர மண்ணில் என்ன மிஞ்சியிருக்கும்? ஒன்றும் கிடைக்காமல் போனால் நீ தாங்கமாட்டாய். மற்றவர்களோடு சேர்ந்தே போகட்டும், விட்டுவிடேன். ஆத்துமா குழியில் இல்லை.

மழை நாளாக இருந்தது. எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை.

பாரம் பத்திரமாக என் வேதத்துக்குள் இருக்கிறது.

தம்பி,
கணேஸ்


கோலா சிலாங்கூர்,
5 மே 2024

கணேஸ்,

இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை. நீயும் அப்படியே இரு.

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். எனக்கு நீ புரியவில்லை. என்னைத் தேற்றுகிறாயா, தடுக்கிறாயா? எபிரேயத்தில் ஒரு சொல் எத்தனை இடத்தில் வருகிறது என்று எண்ணிச் சொல்கிறவனுக்கு, தன் கையால் தோண்டிய இடம் ஞாபகம் இல்லையாம். கோபப்படுவதா, பயப்படுவதா என்றே தெரியவில்லை.

பிள்ளை பெற்றவளைக் கேட்டாயே, சொல்கிறேன். எனக்கு வலிக்கவே இல்லை. வயிற்றுக்குள் அசைவு நின்றது வெள்ளிக்கிழமை. ஊசி போட்டு ஞாயிற்றுக்கிழமை எடுத்தார்கள். மரத்துப் போயிருந்தது. யாரோ பக்கத்து அறையில் அலமாரியை நகர்த்துகிற மாதிரி இருந்தது. அதன்பின் ரத்தம் நிற்கவில்லை, மச்சான் என்னைவிட்டு நகரவில்லை. 'பார்க்காதே, பார்த்தால் மறக்க முடியாது' என்று அம்மா என் முகத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். ஆண் பிள்ளை என்பதையே தாதி எழுதுவதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

வலிக்காததை வேதனை என்று எழுதலாமா? மூன்றாம் நாள் பால் கட்டிக்கொண்டு, முட்டைக்கோஸ் இலை வைத்து இறுக்கிக் கட்டினார்களே, அது எந்தச் சொல்லில் சேரும்? பிறகு ஷர்மினி பிறந்து, சந்தோஷமாகவும் இருந்தேன். அதையும் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. உன் விரிவுரையாளரைக் கேட்டுச் சொல்.

மண்ணாக இருந்தாலும் ஒரு பிடி எனக்கு வேண்டும். இன்னும் இருபத்தாறு நாள்தான் இருக்கிறது.

துளசி


கோலா சிலாங்கூர்,
3 ஜூன் 2024

கணேஸ்,

சுகமாக இருக்கிறாயா என்று கேட்காமல் எழுத எனக்கு வரவில்லை. அதனால் கேட்கிறேன்.

நீ பதில் போடவில்லை. போனையும் எடுக்கவில்லை. முகுந்தனிடம் வேறொரு பாரம் வாங்கி, உன் கையெழுத்தை நானே போட்டேன். சின்ன வயதில் உன் ரிப்போர்ட் கார்டில் அப்பா கையெழுத்தையே போட்டவளுக்கு இது பெரிசில்லை. ஒரு வாத்தியாரம்மா செய்கிற காரியமா என்று பிறகு வெட்கமாக இருந்தது.

முந்தாநாள் சனிக்கிழமை தோண்டினார்கள். மச்சானிடம் எல்லாவற்றையும் சொல்லி அவரையும் கூட்டிப் போனேன். அவர் எனக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றார். அரளி மரத்தைச் சுற்றி நாலு பக்கமும் ஐந்தடி ஆழம். முதலில் ஒரு தொடை எலும்பு வந்தது. என் முழங்கையிலிருந்து விரல் நுனி வரை இருக்கும். பிறகு வெள்ளி அரைஞாண். லோகேஸ்வரி 'மாமா' என்று கத்தி உட்கார்ந்துவிட்டாள். வேறு ஒன்றும் இல்லை. துணி இல்லை, பெட்டி இல்லை, மண்ணின் நிறம்கூட மாறவில்லை. முகுந்தன் என்னைப் பார்த்து, 'டீச்சர், இங்க புள்ளைய யாரும் பொதைக்கல' என்று மெதுவாகச் சொன்னார்.

லோகேஸ்வரி எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். 'பரவால்ல டீச்சர், எங்க மாமனாரு பத்து வருஷமா ஒங்க பாலக் குடிச்சிருக்காரு' என்றாள். கேலியா, ஆறுதலா? நானும் சிரித்துத் தொலைத்தேன்.

என் பிள்ளை எங்கே, கணேஸ்?

துளசி


தைப்பிங்,
14 ஜூன் 2024

அக்கா,

நான் சுகமாக இல்லை. நீ இருக்க வேண்டும்.

ஆஸ்பத்திரியில் ஒரு வெள்ளை அட்டைப் பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். வருவதாகச் சொன்ன வேன் வரவில்லை. அம்மா என்னைப் பஸ்ஸில் போகச் சொன்னார். யாரிடமும் பேசாதே, கீழே வைக்காதே என்றார். மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஜெராமில் ஏறிய ஓர் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, 'என்னா தம்பி, கேக்கா? யாருக்குப் பொறந்த நாளு?' என்று கேட்டார். ஆமாம் என்றேன். 'அக்கா பையனுக்கு' என்றேன். பிரேக் போடும்போதெல்லாம் அவரும் சேர்ந்து பெட்டியைப் பிடித்துக்கொண்டார்.

இடுகாட்டில் அங்கங்கே தண்ணீர் தேங்கி நின்றது. குழி வெட்டுகிறவர் வரவில்லை. கொட்டகையிலிருந்த மண்வெட்டியை எடுத்து அரளி மரத்தடியில்தான் முதலில் வெட்டினேன். ஓர் அடி போவதற்குள் குழி நிறைந்துவிட்டது. அக்கா, அவனைத் தண்ணீரில் போட என்னால் முடியவில்லை. பெட்டி நனைந்து பிய்ந்துகொண்டிருந்தது. சட்டையைக் கழற்றிச் சுற்றினேன். மேடு தேடி நடந்தேன். பெரிய வாய்க்காலைத் தாண்டி, தோட்டத்துப் பதினாலாம் நம்பர் காட்டில், கரையை ஒட்டிய செம்பனை நிரையில் மண் கெட்டியாக இருந்தது. அங்கே ஆழமாக வெட்டி வைத்தேன். மரத்தில் அடையாளம் கொத்தினேன்.

எங்கே என்று அம்மா கேட்டபோது, இடுகாட்டுக்கு வெளியே என்று சொல்ல வாய் வரவில்லை. நாய்க்குட்டியைப் புதைத்த மாதிரி புதைத்தாயா என்பார். அரளி மரத்தடி என்றேன். உனக்கு உடம்பு தேறியதும் உண்மையைச் சொல்லி அழைத்துப் போகலாம் என்று நினைத்தேன். தள்ளிப் போட்டேன். 2012இல் அந்தக் காட்டை மறுநடவுக்காக இயந்திரம் வைத்துப் புரட்டிவிட்டார்கள். நான் போய்ப் பார்த்தபோது ஒரு மரம் இல்லை. வெறும் சிவப்பு மண். அடுத்த வருஷம் நீ பால் டம்ளரோடு இடுகாட்டுக்குள் போவதைப் பார்த்தேன். ஒரு லோரிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

அந்த வருஷம்தான் சபைக்குப் போக ஆரம்பித்தேன். எல்லோரும் வேறு காரணம் நினைத்துக்கொண்டார்கள்.

கணேஸ்


கோலா சிலாங்கூர்,
30 ஜூன் 2024

கணேஸ்,

உன்னைத் திட்டுவதற்கு நாலு கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன். ஒன்றில் மன்னித்திருந்தேன், அதையும் கிழித்தேன். மச்சானிடம் உன் கடிதத்தைக் கொடுத்தேன். படித்துவிட்டு, 'பஸ்ஸில் தனியாகவா போனான்?' என்று மட்டும் கேட்டார். பிறகு குளியலறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டார்.

சட்டையைச் சுற்றினேன் என்கிறாய். அப்படியானால் பெட்டியைத் திறந்திருக்கிறாய். நீ பார்த்தாயா?

துளசி


தைப்பிங்,
6 ஜூலை 2024

அக்கா,

பார்த்தேன்.

தூங்குகிற மாதிரி இருந்தான் என்று சொல்லமாட்டேன், அப்படி இல்லை. உதடு கறுத்திருந்தது. தலைமுடி நிறைய, நெற்றியில் ஒட்டிக்கொண்டு. நெற்றி உன்னுடையது, அகலமாக. மூக்கு மச்சான் மூக்கு, அந்தச் சின்ன முகத்தில் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. இடது காது மடல் மேலே மடங்கியிருந்தது. நகம் வளர்ந்திருந்தது. ஒரு கையை மூடி வைத்திருந்தான், என் விரலை உள்ளே விட்டுப் பார்த்தேன். போயிற்று.

சனிக்கிழமை இருபதாம் தேதி காலைப் பஸ்ஸில் வருகிறேன். மறுபடி நட்ட அந்தக் காட்டை வீடு கட்டுகிறவர்கள் இன்னும் அழிக்கவில்லை என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். கூட்டிப் போகிறேன். திட்டுவதானால் அங்கே வைத்துத் திட்டு. முழங்காலுக்குப் பட்டை போட்டுக்கொண்டு வா, கரை வழுக்கும்.

கணேஸ்


கோலா சிலாங்கூர்,
22 ஜூலை 2024

அன்புத் தம்பி,

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தாயா? முழங்கால் வீங்கியிருக்கிறது, பயப்பட ஒன்றும் இல்லை. மச்சான் எண்ணெய் தேய்த்துவிட்டார்.

உன்னை அங்கே வைத்துத் திட்ட வேண்டும் என்றுதான் வந்தேன். நீ முதலில் ஒரு செம்பனையைக் காட்டினாய். பிறகு இல்லை, இரண்டு நிரை தள்ளி என்றாய். பிறகு வாய்க்காலே இடம் மாறியிருக்கிறது என்றாய். சட்டையெல்லாம் சேறாக, தலையில் கை வைத்துக்கொண்டு, 'ஒண்ணுமே புரியலக்கா' என்று நின்றாய். எனக்குத் திட்ட வரவில்லை. நிரையை எண்ணிப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று நீ தூரமாகப் போனாய். நான் அங்கேயே நின்றேன்.

திரும்பும்போது காரில் கேட்டாய், 'அந்த ஆளுங்க ஏன்க்கா கத்திக்கிட்டு ஓடினாங்க?' என்று. தெரியாது என்றேன். தெரியும்.

குலை வெட்டிக்கொண்டிருந்த இந்தோனேசியக்காரர்கள் நாலு பேர். அவர்களில் வயதானவர் நான் மரத்துக்கு மரம் குனிந்து பார்ப்பதைக் கண்டு, என்ன தேடுகிறீர்கள் அக்கா என்று மலாயில் கேட்டார். 'அனாக்' என்றேன். பிள்ளை. வேறு சொல் வாயில் வரவில்லை. யாருடைய பிள்ளை என்றார். என் பிள்ளை என்றேன். எவ்வளவு பெரிசு என்று கேட்டார். என் கை தானாக எழுந்து இடுப்பு உயரத்தில் நின்றது. ஏன் அந்த உயரம் என்று இப்போதும் தெரியவில்லை.

உடனே அரிவாள் கம்புகளைக் கீழே போட்டுவிட்டு ஓடினார்கள், கணேஸ். ஆளுக்கொரு நிரையில், 'அடேக், அடேக்' என்று சின்னப் பிள்ளைகளைக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டுக்கொண்டு. ஒருவர் வெட்டிப் போட்ட மட்டைகளைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். வயதானவர் வாய்க்காலில் இறங்கி, நெஞ்சளவு தண்ணீரில் இரண்டு கையாலும் துழாவினார். நிறுத்தச் சொல்ல வேண்டும் என்று தெரிந்தது. சொல்லவில்லை. எவ்வளவு நேரம் விட்டேன் என்று எனக்கே சொல்ல முடியவில்லை. என் பிள்ளையை யாரோ பேர் வைத்துத்தான் கூப்பிடுகிறார்கள் என்பது போல, ஒவ்வொரு சத்தத்துக்கும் திரும்பிப் பார்த்தேன்.

பிறகு, கிடைத்துவிட்டான், மாமனிடம் இருக்கிறான் என்று கத்தினேன். தூரத்தில் நீ நிற்பது தெரிந்தது.

வயதானவர் கரையேறி வந்தார். உடம்பெல்லாம் தண்ணீர் சொட்டியது, அவருக்கு மூச்சு வாங்கியது, ஆனாலும் சிரித்தார். இனிமேல் பிள்ளையைக் கையை விட்டு நடக்கவிடாதீர்கள் அக்கா, இந்தக் காடு பெரிசு என்றார்.

சரி என்றேன்.

அக்கா,
துளசி